நாடா கட்டிய பழம்

ஓய்,

இன்று காலை பிஸ்கட் டப்பாவைத் திறந்து உம்முடைய சிவப்பு நாடாவை எடுத்தேன். ஒரு முழம் இருக்கும். நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் தக்காளி இலையின் அந்தக் காரவாடை இன்னும் இருப்பதாக ஒரு நினைப்பு. நினைப்புதான், இத்தனை நாளைக்கு எந்த வாடை நிற்கும்? ஒரு கையில் நாடா, மறு கையில் கத்தரிக்கோல் என்று பால்கனித் தொட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஆபீசுக்குக் கிளம்பிய மருமகள் தோளில் லேப்டாப் பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, செடிக்கு நாடா கட்டப் போறீங்களா? ஏதாவது வேண்டுதலா?" என்றாள்.

ஒரு வகையில் அப்படித்தான் என்றேன். கட்டுவதற்கு நாடா போதுமே, கத்தரிக்கோல் எதற்கு என்று அடுத்த கேள்வி. அவள் கெட்டிக்காரி. பதில் சொல்வதற்குள் கீழே அவளுடைய கம்பெனி வண்டி ஹாரன் அடித்துவிட்டது, நான் தப்பித்தேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லை, உமக்கு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் இருந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு நாடா என்றால் ஃபைல் கட்டுகிற நாடா. நான் கடிதப் பிரிவில் உட்கார்ந்து நாள் முழுதும் அதை முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவன். நீர் ஸ்டோர் கீப்பர். உங்கள் பிரிவில் அந்த நாடாவுக்கு மரியாதையே வேறு. ஒரு சாமானில் சிவப்பு நாடா கட்டித் தொங்கினால் அது ரிசர்வ் ஸ்டாக். எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டு அனுப்பினாலும் தொடக் கூடாது. அந்தச் சட்டத்திலேயே ஊறிப்போன நீர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டீர். குவார்ட்டர்ஸ் பின்புறத்துத் தோட்டத்தில் விதைக்கென்று ஒதுக்கிய பழத்தின் காம்பில் நீர் நாடாவைக் கட்டிவிட்டால், அது செடியிலேயே கனிந்து தளர்ந்து தொங்குகிறவரை உம் மனைவிக்கே அதன்மேல் உரிமை கிடையாது. உம் மனைவியை நான் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். ரசத்துக்குப் பழம் இல்லை, எதிரே பழம் தொங்குகிறது, இந்த மனுஷன் தொட விடமாட்டேன் என்கிறார் என்று தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் முறையிடும்.

வேலி என்று பேர்தான். முட்கம்பி இரண்டு வரிசை. இந்தப் பக்கம் என் தோட்டம், அந்தப் பக்கம் உம்முடையது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஜில்லா, ஒரே வருஷம் வேலைக்கு வந்தவர்கள். ஆனால் தக்காளியில் மட்டும் எலியும் பூனையும். நான் பாக்கெட் விதை வாங்கிப் பெங்களூர்த் தக்காளி போடுகிறவன். பழம் முட்டை வடிவில், தோல் கெட்டியாக, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்துக் கிரிக்கெட் ஆடலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பீர். உம்முடையது மேடும் பள்ளமுமாய், பூசணிக்காயைச் சிறிதாக்கிச் செய்ததுபோல ஐந்து வரி ஓடி, காம்படியில் பச்சை மாறாமல் இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பேன் நான். ஆனால் ரசம் என்று வந்தால் அடங்கிவிடுவேன். ஒரே ஒரு பழத்தைப் பிசைந்து விட்டால் நான்கு பேருக்குப் புளியே வேண்டாம்.

அது ஊரிலிருந்து வந்த விதை என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். ஒருமுறை அப்படிச் சொன்னதற்கு உமக்கு வந்த கோபத்தை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன். புனேயில் போபோடிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் ரசத்துக்கு வாங்கிய ஒரு கிலோவில் ஒரு பழம் மட்டும் வேறு மாதிரி புளித்ததாம். அதன் விதையைக் காப்பாற்றிப் போட்டு, வருஷா வருஷம் நல்ல செடியாகப் பொறுக்கி, ஆறு வருஷத்தில் நீர் ஆக்கியெடுத்தது அது. "ஊரு விதை இல்லவே இது. இந்தக் கருப்பு மண்ணுல நான் பொறுக்குனது" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டீர். எப்படிப் பொறுக்குவது என்று கேட்டேன். எல்லோரும் பெரிய பழத்தைத்தான் விதைக்கு எடுப்பார்கள், நீர் எடுக்க மாட்டீர். "பழத்தப் பாக்காதீரும் வே, செடியப் பாரும்" என்றீர். நோய் தாங்கின செடி, வெயில் ஏறியும் பூ உதிர்க்காத செடி, அதில் இரண்டாம் கொத்துப் பழம். அதற்குத்தான் நாடா.

இப்போது அந்த பிப்ரவரி மாதத்துக்கு வருகிறேன். வராமல் முடியாது.

ஒவ்வொரு குளிர்காலக் கடைசியிலும் நடக்கும் தோட்டக் கண்காட்சியில் பரிசெல்லாம் அதிகாரிகளின் பங்களாக்களுக்கே போகும். அங்கே தோட்டக்காரர்கள் உண்டு, உரம் உண்டு, நாள் முழுக்கத் தண்ணீர் உண்டு. நமக்குக் காலையில் ஒரு மணி நேரம் குழாய் வரும், அதில் குளித்ததுபோக மிச்சம் செடிக்கு. குவார்ட்டர்ஸ்காரன் ஒருவனும் அதுவரை முதல் பரிசு வாங்கியதில்லை. அந்த வருஷம் புதிதாக ஒரு பிரிவு வைத்தார்கள்: ஐந்து ரகத் தக்காளி, ரகத்துக்கு மூன்று பழம், ஒரே மேஜையில். நாம் இருவரும் முதல்முறையாகக் கூட்டுச் சேர்ந்தோம். என் பெங்களூர், உம்முடைய ஐந்துவரி, சந்தையில் கிராமத்துப் பெண்கள் கொண்டுவரும் காவ்ரான் என்கிற ரோஜா நிற நாட்டு ரகம், ஆபீஸ் நண்பர் கொடுத்த மஞ்சள், சாக்கடையோரம் தானாக முளைத்த கோலிக்குண்டுத் தக்காளி. ஐந்தும் ஆயிற்று.

ஆனால் அந்த வருஷம் உம் ரகத்துக்குக் கெட்ட காலம். மழையில் கூரை ஒழுகி விதை டப்பாவுக்குள் தண்ணீர் போய், பூசணம் பிடித்து, பிழைத்தது நான்கே நாற்று. இரண்டு வாடிப்போயின. ஒன்று இலை சுருண்டு நின்றுவிட்டது. மிஞ்சிய ஒரு செடியில் இரண்டாம் கொத்தில் ஒரு பழத்துக்கு நாடா கட்டியிருந்தீர். கண்காட்சிக்குப் போதுமான அளவில் வேறு மூன்று பழங்கள் கீழ்க்கொத்தில் இருந்தன. அன்றைக்கு உமக்கு ஸ்டாக் சரிபார்ப்பு, லீவு கிடையாது. மேஜை வைப்பது என் பொறுப்பு.

விடிந்ததும் உம் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால் மூன்றில் ஒன்றைக் குருவி விதையோடு கொத்தித் தின்று வெறும் தோலாக்கியிருந்தது. மற்றதெல்லாம் காய். எட்டு மணிக்குள் தட்டு வைக்க வேண்டும். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நாடா கட்டிய பழத்தையே பார்த்தேன். பளபளவென்று இருந்தது ஓய். தங்கச்சி கோயிலுக்குப் போயிருந்தது, கேட்க ஆளில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பழம்தானே, அந்தச் செடியில் இனியும் காய்க்கும், அதில் விதை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நாடாவை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழத்தைப் பறித்தேன். அவசரத்தில் இழுத்த இழுப்பில் செடியின் தண்டு பாதியில் முறிந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம்தான் தெரிந்தது.

முதல் பரிசு நமக்குத்தான். நடுவர் அம்மாள் உம் பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன ரகம் என்று கேட்டார். என் நண்பர் உண்டாக்கியது என்று நான் சொன்னேன். மூன்று மணிக்கு நீர் சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தீர். பரிசு அட்டையைப் பார்த்தீர். முகமெல்லாம் பல். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் உம் கையைக் குலுக்கினார்கள். அப்புறம்தான் தட்டைப் பார்த்தீர். மூன்றாவது பழத்தின் காம்பை விரலால் தடவினீர்; அடையாளம் கண்டுகொண்டீர் என்று தெரிந்தது. கூட்டம் கலையக் காத்திருந்தீர். பிறகு மெதுவாகக் கேட்டீர்.

"நாடாவ எங்க வே வச்சிருக்கீரு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நீர் அதைச் சுருட்டி உம் பையில் வைத்துக்கொண்டீர். நீர் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மேஜைக்குத் திரும்பினால் மேஜை காலி. பரிசு வாங்கின காய்கறிகளை அன்று விருந்துக்கென்று அதிகாரிகள் மெஸ் சமையலறைக்குக் கூடையோடு அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்கு ஓடினோம், வேறு காய் இருக்கிறதா என்று பார்க்க. முறிந்த தண்டோடு செடி வாடித் தொங்கியது. அப்போதுதான் நான் செய்த காரியத்தின் முழு அளவு எனக்கே புரிந்தது. ஆறு வருஷத்து உழைப்பு இனி எங்காவது இருந்தால் அந்தக் கூடையில்தான் இருந்தது.

உம் சைக்கிளின் கேரியரில் என்னை உட்காரவைத்து மெஸ் வரை மிதித்தீர். வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத மனுஷர், சமையலறைப் பின்வாசலில் போய்க் கைகட்டி நின்றீர். சமையல்காரர் அன்றைக்குத் தக்காளிக்குள் உருளைக்கிழங்கு மசாலா அடைத்து வைக்கிற பதார்த்தம் செய்துகொண்டிருந்தார். எல்லாப் பழத்தின் தலையையும் சீவி, உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்து ஒரு பெரிய அலுமினிய அண்டாவில் போட்டாயிற்று. நம்முடையது, பங்களாக்களுடையது எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்தச் சாறு கிரேவிக்கு வேண்டுமே என்றார் அவர். சாறு வேண்டாம், விதை மட்டும் போதும் என்றீர். "பீஜ் கா க்யா கரோகே, அண்ணா?" விதையை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார். உம் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு சல்லடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

பரிசு வாங்கப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு நான், ஆபீஸ் பேண்ட்டோடு நீர், அந்தப் பின்வாசல் படியில் உட்கார்ந்து அண்டா முழுவதையும் கைகையாகச் சல்லடையில் பிசைந்தோம். சாறு அவருக்கு, விதை நமக்கு. முழங்கைவரை சிவப்பு. அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். நீர் தலையை நிமிர்த்தாமல், "சிந்தாமப் பிசையும்" என்றீர்.

அந்த விதையைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வழவழப்பு போகக் கழுவி, டிப்போவில் கழித்துப் போட்ட பழைய ஃபாரங்களின் முதுகில் காயவைத்தீர். காகிதம் காகிதமாக விதை. அதில் எது உம் ஐந்துவரி, எது என் பெங்களூர், எது பங்களாக்காரனுடையது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முளைக்கவைத்துக் காய்க்கவிட்டால்தான் தெரியும். அதற்கு நம் இரண்டு தோட்டமும் எந்த மூலைக்கு? ஆகஸ்டில் நாற்றுகளைப் பார்த்தபோது நமக்கே மலைப்பாகிவிட்டது. அதுவரை அந்த ஆறு மாதமும் நீர் என்னோடு ஆபீஸுக்கு வந்தீர், டீ குடித்தீர், சிரித்தீர். வேலியருகே மட்டும் வரவில்லை. அந்த முட்கம்பி எனக்கு அப்போதுதான் குத்தியது.

நாற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதுவரை செடியே வைக்காதவர்களிடமும் கெஞ்சினேன். பஞ்சாபிக்காரர் வாங்கிக்கொண்டார், மலையாளத்து டீச்சர் வாங்கிக்கொண்டார், கடைசி வீட்டு மராட்டிக் காக்கூ மட்டும் தன் துளசி மாடத்தருகே எதையும் அண்டவிடமாட்டேன் என்றார். காக்கூ என்றால் அவர்களுக்குச் சித்தி. கடைசியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்றுக்கு இடம் கொடுத்தார். பெட்டிப் பலகையைப் பிளந்து எல்லோருக்கும் முட்டு நட்டேன். நீர் சாயங்காலம் சாயங்காலம் வரிசை முழுக்க நடந்து, இலையைக் கசக்கி முகர்ந்து, பக்கக் கிளையைக் கிள்ளிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவீர். நவம்பரில் வீட்டுக்கு வீடு காய். கோலிக்குண்டு வந்தது, மஞ்சள் வந்தது, என் பெங்களூரின் பிள்ளைகள் அப்பனைப்போல இல்லாமல் ஆளுக்கொரு உருவத்தில் வந்தன. பேர் தெரியாத பங்களா ரகங்கள் வந்தன. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம். உம் ஐந்துவரி மட்டும் வரவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. காக்கூ தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணா, லவ்கர் யா! துமசா டமாட்டர் ஆலா." சீக்கிரம் வாருங்கள், உங்கள் தக்காளி வந்துவிட்டது என்கிறார். அந்த அம்மாள் எதற்கும் சத்தம் போடாதவர். நீர் முகத்தில் சோப்பு நுரையோடு, பாதி சவரத்தில், செருப்பில்லாமல் ஓடினீர். நானும் ஓடினேன். சோப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த அந்தச் செடியில், துவைக்கிற கல்லுக்கு மேலே, விரல்முட்டி அளவில் ஒரு பச்சைக் காய். ஐந்து வரி. நீர் குந்தி உட்கார்ந்து தொடாமலே எண்ணினீர். பிறகு இலையை முகர்ந்தீர். பிறகு அழுதீர். நான் பார்த்தேன் ஓய், இல்லையென்று சொல்லாதீரும்.

பத்து நாள் கழித்து அந்தச் செடியில் இரண்டாம் கொத்து திரண்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர். சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினீர்.

"நீரே கட்டும்" என்றீர்.

முடிச்சு இரண்டுமுறை நழுவியது, மூன்றாம் முறைதான் நின்றது. அன்று சாயங்காலம் வேலியருகே வந்து என் தோட்டத்துச் செடிகளைக் குறைசொல்ல ஆரம்பித்தீர். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு யாரும் தந்ததில்லை.

அடுத்த கண்காட்சியில் தக்காளி மேஜை முழுக்க நம் வரிசைதான். பங்களாக்காரர்களே வந்து விதை கேட்டார்கள். முதல் பரிசைக் காக்கூ வாங்கினார். நீர்தான் எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினீர். ரகத்தின் பேர் எழுதுகிற சீட்டில் காக்கூவின் மகன் 'அண்ணா டமாட்டர்' என்று எழுதியிருந்தான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. டிப்போவில் உம் பேர் ஒரு பலகையிலும் இல்லை. மாற்றலாகிப் போனவர்கள் எந்தெந்த ஊருக்கோ உம் விதையை மடித்துக் கொண்டுபோனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மார்பு விரிகிறது. அந்த மனுஷரின் பக்கத்து வீட்டுக்காரன் நான் என்று யாரிடமும் சொல்லுவேன்.

ரிடையர் ஆனபின் நீர் தேஹு ரோட்டிலேயே சின்ன வீடு கட்டிக்கொண்டீர். நான் மகனோடு புனே நகரத்துக்குள் வானவடிக்கு வந்துவிட்டேன். போன் செய்தால் உடம்பைப்பற்றிக் கேட்க விடமாட்டீர், செடியைப்பற்றியே பேசுவீர். போன ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்று காலையிலும் தோட்டத்துக்குப் போய்விட்டுத்தான் ஆட்டோவில் ஏறினீராம். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பியபின் தங்கச்சி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போயிற்று. ஒரு செடி. அதில் நாடா கட்டிய ஒரு பழம். கனிந்து, தளர்ந்து, தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. அத்தனை விருந்தாளி வந்து போன வீட்டில், பறிக்காத பழம் அது ஒன்றுதான்.

"அவுக கட்டுனது. நான் தொட மாட்டேன், அண்ணாச்சி" என்றது தங்கச்சி. "நீங்கதான் அறுக்கணும்னு சொல்லிட்டுப் போனாக."

அறுத்தேன் ஓய். இந்த முறை நாடாவை அவிழ்த்தேன், அறுக்கவில்லை. பழத்தை மட்டும் அறுத்தேன். தண்டை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் அறுத்தேன்.

அந்த ஒரு பழத்தின் பிள்ளைகள்தான் இப்போது இந்த நாலாம் மாடிப் பால்கனியில் ஐந்து தொட்டியில் நிற்கின்றன. ஐந்து வரி, காம்படியில் பச்சை, மாறாத புளிப்பு. மருமகளின் ஆபீசில் ரசத்தைச் சாப்பிட்டவர்கள் விதைக்கு வரிசையில் நிற்கிறார்கள். தங்கச்சி, வரும் பருவத்தில் உம் தோட்டத்தில் தானே போடப்போவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறது. காக்கூவின் மகன் போன் செய்து, அவர்கள் வீட்டில் விதை தீர்ந்துவிட்டது என்றான். ஒரு பழம் போதாது. செடியைத்தான் பார்த்தேன், பழத்தைப் பார்க்கவில்லை; இரண்டாம் கொத்தில்தான் பொறுக்கினேன். மூன்று செடி தேறிற்று.

நாடா ஒன்றுதான் இருக்கிறது. அதனால் காலையில் மருமகள் போனபிறகு உம் நாடாவை மூன்று துண்டாக வெட்டிவிட்டேன். உம்மிடம் சொல்லிவிட்டேன், கேட்டீரா.